கழுவுவதா, கண்டம் செய்வதா? வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்களின் சிறு வரலாறு

வைரஸ் வந்ததென்று கம்ப்யூட்டரோடு சேர்த்து கீபோர்டையும் மவுஸையும் நொறுக்கிப் போட்ட ஓர் அரசு அலுவலகம் உண்டு. கட்டுக்கதை இல்லைங்க, தணிக்கை அறிக்கையில் பதிவான விஷயம்.

அமெரிக்க வணிகத்துறையின் கீழ் பொருளாதார மேம்பாட்டு நிர்வாகம் என்று ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. 2011 டிசம்பரில் அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது: உங்கள் நெட்வொர்க்கில் வைரஸ் இருக்கலாம். முதலில் போன பட்டியலில் 146 கருவிகள் இருந்தன. அது தவறான பட்டியல். பாதிப்பு இரண்டு கருவிகளில்தான் என்று பிறகு திருத்தம் போனது. ஆனால் அந்தத் திருத்தம் புரியும்படி போகவில்லை. அலுவலகத்தில் பாதிக்கு மேல் தொற்றிவிட்டது என்றே அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நெட்வொர்க்கைத் துண்டித்தார்கள். வெளியிலிருந்து நிபுணர்களை வரவழைத்தார்கள். இனி எந்தக் காலத்திலும் வைரஸ் இருக்காது என்று உறுதி கேட்டார்கள். அப்படி ஓர் உறுதியை உலகத்தில் யாராலும் தர முடியாது. தர முடியாது என்றதும் உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர், பிரிண்டர், டிவி, கேமரா, மவுஸ், கீபோர்டு என்று சுமார் 1,70,000 டாலர் பெறுமான பொருள்கள் அழிந்தன. இன்னும் 30 லட்சம் டாலர் பெறுமானத்தை உடைக்கிற திட்டமும் கையில் இருந்தது. 2012 ஆகஸ்டில் உடைப்பதற்கான காசு தீர்ந்துபோனதால்தான் மீதி பிழைத்தது! மொத்தச் செலவு 27 லட்சம் டாலருக்கு மேல். 2013-இல் வந்த தணிக்கை அறிக்கை கணக்குப் பார்த்தது. வைரஸ் இருந்தது ஆறு கருவிகளில். அதுவும் சாதாரண வைரஸ், துடைத்தால் போய்விடும்.

அதே சமயத்தில் அதே துறையின் கீழிருக்கும் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்புக்கும் இதே மாதிரி எச்சரிக்கை போயிருந்தது. அவர்கள் சில வாரங்களில் துடைத்துச் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் கிடைத்த தகவல் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் கழுவினார், மற்றவர் கண்டம் செய்தார். (கண்டம் என்பது நம்ம ஊர் பஸ் டிப்போவிலும் ரயில்வேயிலும் புழங்குகிற சொல். இனி ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்று தள்ளிவைத்த வண்டி 'கண்டம் ஆன வண்டி'.) இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். வாஷிங்டனில் நடந்ததை அரியமங்கலத்தில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்கே வீட்டுக்கு வீடு பரண் மேல் ஒரு பழைய லேப்டாப் தூங்குகிறது. வாரத்துக்கு ஒருவராவது, 'வைரஸ் வந்துடுச்சு, ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்கிடறதா?' என்று என்னிடம் கேட்கிறார்கள்.

நோய் எங்கே குடியிருக்கிறது?

முதலில் ஓர் அடிப்படை விஷயம். வைரஸ் என்பது ஒரு புரோகிராம், அவ்வளவுதான். புரோகிராம் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். அது எழுதப்பட்ட இடம் எதுவோ, அதைப் பொறுத்துத்தான் வைத்தியம். வரலாற்றில் இதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது 1986. லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்'. பிசிக்கு வந்த முதல் வைரஸ் என்று இதைத்தான் சொல்வார்கள். தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் வைரஸுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள் அந்தப் புண்ணியவான்கள். அது குடியிருந்தது ஃப்ளாப்பியின் பூட் செக்டரில், அதாவது கம்ப்யூட்டர் ஃப்ளாப்பியைப் படிக்கத் தொடங்கும் முதல் இடத்தில். அந்த இடத்தைத் திருப்பி எழுதினால் கதை முடிந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுகிற பேச்சே அன்றைக்கு எழவில்லை. அது பிடித்தது ஃப்ளாப்பியைத்தான், கருவியை அல்ல.

இரண்டாவது, தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் 1998-இல் எழுதிய சி.ஐ.எச். வைரஸ். 1999 ஏப்ரல் 26 அன்று அது உலகம் முழுக்க வெடித்தது. செர்னோபில் விபத்து நடந்த தேதி என்பதால் செர்னோபில் வைரஸ் என்றே பெயர் வந்துவிட்டது. இந்தியாவிலும் நிறைய கம்ப்யூட்டர்கள் அன்று படுத்துவிட்டன. ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியைக் குப்பையால் நிரப்பியதோடு அது நிற்கவில்லை. சில வகை மதர்போர்டுகளில் பயாஸ் சில்லையே அழித்து எழுதியது. பயாஸ் என்பது பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் கண் விழிக்கிற புரோகிராம். அது அழிந்தால் ஸ்கிரீனில் ஒன்றும் வராது. விண்டோஸ் சிடியைப் போட்டு ஃபார்மேட் பண்ணலாம் என்றாலும், சிடியைப் படிக்கச் சொல்வதற்கே ஆள் இல்லை.

மக்கள் மனதில் 'வைரஸ் வந்தா மெஷினே போயிடும்' என்ற பயம் ஆழமாக இறங்கியதில் இந்த வைரஸுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் ஊகம். ஆனால் அன்றைக்கும் மெக்கானிக்குகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பயாஸ் சில்லு சாக்கெட்டில் செருகியிருந்தால் பிடுங்கி எடுத்து, இன்னொரு மதர்போர்டிலோ அதற்கான கருவியிலோ வைத்துத் திருப்பி எழுதினார்கள். போர்டோடு சேர்த்துப் பற்றவைத்த சில்லு என்றால்தான் போர்டையே மாற்ற வேண்டி வந்தது. ஆக, அந்த மோசமான வைரஸுக்கும் தேவைப்பட்டது ஒரு சில்லு, மிஞ்சிப்போனால் ஒரு போர்டு.

இதற்குப் பிறகும் பயாஸுக்குள் ஒளிகிற வைரஸ்கள் வந்திருக்கின்றன. 2018-இல் ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்து அறிவித்த 'லோஜாக்ஸ்' அப்படிப்பட்டது. டிஸ்கை ஃபார்மேட் பண்ணினாலும் போகாது. ஆனால் அது உளவு வேலைக்காக, அரசுகளைக் குறிவைத்து ஏவப்பட்ட ஆயுதம். தையல் கணக்கு எழுதுகிற லேப்டாப்பைத் தேடி அது வரப்போவதில்லை.

பென் டிரைவ் காலம்

நம்ம ஊருக்கு வைரஸ் வந்த வழி வேறு. அது பென் டிரைவில் வந்தது. ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், கல்லூரி லேப் என்று மூன்று இடத்தில் செருகிய பென் டிரைவ் நான்காவதாக வீட்டுக்கு வரும்போது விருந்தாளியோடுதான் வரும். 2008 நவம்பரில் தலைகாட்டிய 'கான்ஃபிக்கர்' இந்த வழியை உலக அளவில் பயன்படுத்திக்கொண்டது. பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் 'ஆட்டோரன்' வசதிதான் அதற்குக் கதவு. விண்டோஸ் 7-இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கதவை மூடியது. எக்ஸ்.பி.க்கும் விஸ்டாவுக்கும் 2011-இல் அப்டேட் மூலம் மூடியது. ஆனால் அப்டேட் போடுகிற வழக்கம் எத்தனை வீட்டில் இருந்தது?

அப்புறம் வந்தது ஷார்ட்கட் வைரஸ். பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். புராஜெக்ட் ரிப்போர்ட் மொத்தமும் போச்சு என்று தலையில் கைவைத்த மாணவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். உண்மையில் எதுவும் போயிருக்காது. வைரஸ் செய்தது இரண்டே வேலை. நிஜ ஃபோல்டரை மறைத்துவைத்தது, அதே பெயரில் ஒரு போலியை முன்னால் நிறுத்தியது. கறுப்புத் திரையில் 'அட்ரிப்' என்ற கட்டளையை ஒரு வரி அடித்தால் மறைந்தவை எல்லாம் வெளியே வந்துவிடும். அந்த ஒரு வரி தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவருக்கு ஒரு செமஸ்டர் காலி.

மேலே சொன்ன இரண்டு அமெரிக்க அலுவலகங்களின் வித்தியாசம் இங்கேயும் வருகிறது, பாருங்க. தொற்று ஒன்றுதான். நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் கழுவுகிறார். தெரியாதவர் பயப்படுகிறார், பயந்தவர் கண்டம் செய்கிறார்.

அரசு லேப்டாப்பும் அதற்குள் இருந்த வைத்தியரும்

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரே நேரத்தில் வந்துசேர்ந்ததற்குக் காரணம் விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இதைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தாயிற்று. அவற்றில் நிறைய, அந்த வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டரே இல்லாத வீட்டில் ஆன்டிவைரஸ் பழக்கம் எங்கிருந்து வரும்? வாங்கிய வாரமே பக்கத்து வீட்டுத் தம்பி பென் டிரைவில் படம் ஏற்றிக் கொடுப்பான். படத்தோடு வைரஸும் ஏறும். ஆறு மாதத்தில் லேப்டாப் திணறும். கடைக்காரர் 'ஃபார்மேட் போட்டுடலாம்' என்பார். போட்டுக் கொடுப்பார். அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி அதே கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் தொகுதிகளில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு இன்னொரு இயங்குதளமும் இருந்தது. 'பாஸ் லினக்ஸ்' என்று பெயர். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. ஸ்விட்ச் போட்டதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் லினக்ஸில் ஓடாது. ஆக, விண்டோஸ் படுத்துவிட்டால் பாஸ் வழியாக உள்ளே போய், போட்டோவையும் ஃபைலையும் பத்திரமாக வெளியே எடுத்துவிடலாம். நோயாளியோடு சேர்த்து ஒரு வைத்தியரையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தார்கள். நான் திறந்து பார்த்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் அந்தப் பகுதியை அழித்துப் படம் சேமிக்க இடமாக்கியிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. இது எதற்கு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

2014 ஏப்ரல் 8-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவை நிறுத்தியது. அந்தச் சமயத்தில் தமிழக அரசே தன் துறைகளைப் பாஸ் லினக்ஸ் போடச் சொல்லி அறிவுறுத்தியது. பழைய கருவியைத் தூக்கிப் போடாமல், உள்ளே இருக்கிற இயங்குதளத்தை மட்டும் மாற்றுகிற யோசனை. எத்தனை அலுவலகங்கள் மாறின என்பது வேறு கதை. யோசனை சரியானது.

பொன்மலைக் கணக்கு

அரியமங்கலத்துக்குப் பக்கத்தில்தான் பொன்மலை. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் இங்கே கொண்டுவந்தது. கழுவுவதா, கண்டம் செய்வதா என்ற கேள்வியைத் தொழிலாகவே வைத்திருக்கிற ஊர் அது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் குடும்பத்துக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்திருப்பார். அதனால்தான் கண்டம் என்ற சொல் இங்கே குழந்தைக்கும் தெரியும்.

ரயில் எஞ்சினை யாரும் மொத்தமாகப் பார்த்து 'நல்லது', 'கெட்டது' என்று சொல்வதில்லை. பாயிலர் தனி, சக்கரம் தனி, பிரேக் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வயசு, ஒரு கணக்கு. ஊட்டி மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. முதல் தொகுதி 1914-இல் தொடங்கியது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அவற்றைப் பாகம் பாகமாக மாற்றி மாற்றி ஓட்டினார்கள். இனி முடியாது என்றானபோது, 2010-களில் அதே வடிவத்தில் எண்ணெயில் ஓடும் புது எஞ்சின்களைப் பொன்மலையிலேயே செய்தார்கள். ஒரு நாள் நடுவழியில் நின்றுவிட்டது என்பதற்காக எடுத்த முடிவு அல்ல அது. உடம்பே தேய்ந்துவிட்டது என்று அளந்து பார்த்து எடுத்த முடிவு.

லேப்டாப்புக்கும் கணக்கு இதுதான். வைரஸ் வந்ததென்பது நடுவழியில் நின்ற மாதிரி. தேய்ந்த உடம்பு என்பது வேறு கேள்வி. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒரு லேப்டாப்பின் கணக்கு

சமீபத்தில் எங்கள் பகுதியில் ஒரு தங்கச்சி தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். 2012-இல் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப். இப்போது பிளவுஸ் தைக்கிறாள். அளவுக் கணக்கு, பாக்கிக் கணக்கு எல்லாம் அதில்தான். 'கடையில பாத்தாங்கண்ணா. வைரஸ் முத்திப்போய் போர்டு வரைக்கும் போயிடுச்சாம். புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லிட்டாங்க' என்றாள். மகளிர் குழுவில் 35,000 ரூபாய் கடன் எழுதிக் கேட்டிருந்தாள். கணக்குகூடப் பரவாயில்லை, பொன்மலையில் வேலை பார்த்த அப்பாவின் கடைசி வருடப் போட்டோக்கள் அதில் இருக்கின்றன, அவர் இப்போது இல்லை என்றாள்.

முதலில் செய்தது, நெட்டைத் துண்டித்தது. அடுத்து, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவில் லேப்டாப்பைக் கிளப்பியது. லேப்டாப் கிளம்பியது. வைரஸ் போர்டையே கெடுத்திருந்தால் இது நடந்திருக்காது. போட்டோக்கள் இருந்தன. படங்களையும் கணக்கு ஃபைல்களையும் மட்டும் தனி ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்தேன். எந்தப் புரோகிராம் ஃபைலையும் தொடவில்லை, ஏனென்றால் வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் அதில்தான். பிறகு டிஸ்க் தன்னைப் பற்றியே எழுதிவைக்கும் உடல்நிலைக் குறிப்பைப் பார்த்தேன். அங்கே இருந்தது நிஜமான நோய். நூற்றுக்கணக்கான பேட் செக்டர்கள். டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. வைரஸ் இருந்தது உண்மை, ஆனால் லேப்டாப் திணறியதற்குப் பெரிய காரணம் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் சுற்றிய டிஸ்க்.

பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டோம். 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. லினக்ஸ் ஏற்றினோம். வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை எல்லாம் அவள் போனிலிருந்து மாற்றச் சொன்னேன். வைரஸ் இருந்த காலத்தில் அடித்த பாஸ்வேர்டை யார் படித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தையல் கணக்கு இப்போது அதிலேயே ஓடுகிறது. 'ஆனா ஒண்ணு, இதுல பையனுக்கு வீடியோ கிளாஸ் எல்லாம் சரியா வராது. 2 ஜிபி ராம்தான் இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு புதுசு தேவைப்படலாம்' என்றும் சொல்லிவிட்டேன். 'ரெண்டு வருஷம் போதும்ணா, அதுக்குள்ள சீட்டு முடிஞ்சிடும்' என்றாள். கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

சில நேரம் ரிப்பேர் என்பது நிரந்தரத் தீர்வு இல்லை. வட்டி இல்லாமல் கிடைக்கும் கால அவகாசம்.

புதுசு வாங்கினாலும் வராதது

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கழுவினாலும் சரி, கண்டம் செய்தாலும் சரி, இரண்டுமே உதவாத ஒரு வைரஸ் இருக்கிறது. ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பது. 2017 மே 12-இல் பரவிய 'வான்னாக்ரை' இந்த வகை. அதைத் தடுக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறைக் கம்ப்யூட்டர்களையே ரான்சம்வேர் பூட்டியது, 1,950 டாலர் கேட்டார்கள் என்று செய்தி வந்தது. பூட்டிய ஃபைலுக்கு ஃபார்மேட்டும் மருந்தில்லை, புது லேப்டாப்பும் மருந்தில்லை. வேறு எங்காவது ஒரு பிரதி இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

இதற்குப் பெரிய சாட்சி மேர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் நிறுவனம். 2017 ஜூன் 27-இல் 'நாட்பெட்யா' என்ற வைரஸ் அவர்களைத் தாக்கியது. பணம் கேட்பதுபோல் நடித்தாலும் அதன் நோக்கம் அழிப்பது. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 பிசிகளையும் மறுபடி நிறுவினோம் என்று அதன் தலைவரே பிறகு சொன்னார். ஆனால் ஓர் இடத்தில் மொத்த வேலையும் முட்டிக்கொண்டு நின்றது. யார் யார் ஊழியர், யாருக்கு எதைத் திறக்க அனுமதி என்ற பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்கள் உலகம் முழுக்கச் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். எல்லாமே ஒரே நேரத்தில் அழிந்தது. எத்தனை புது லேப்டாப் வாங்கிக் குவித்தும் பிரயோசனம் இல்லை.

கடைசியில் ஒரே ஒரு பிரதி கானா நாட்டு அலுவலகத்தில் கிடைத்தது. வைரஸ் தாக்கிய நேரத்தில் அங்கே கரண்ட் கட்! நெட்வொர்க்கிலிருந்து அறுந்துகிடந்ததால் அந்த ஒரு சர்வர் தப்பியது. நெட் வழியாக அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும். கானா ஊழியர்களுக்கு பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் ஹார்டு டிஸ்கை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து, நிறுவனத்தின் இன்னொரு ஊழியர் கையில் கொடுத்தார். அங்கிருந்து நிறுவனம் எழுந்தது. 2012-இல் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கட்டில் புழுங்கிய நமக்கு, மின்வெட்டால் ஒரு நிறுவனம் பிழைத்த கதை கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கும்.

மேர்ஸ்க்கைக் காப்பாற்றியது தற்செயலாக அறுந்துகிடந்த ஒரு பிரதி. நாம் அதை வேண்டுமென்றே செய்யலாம். ஒரு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, வயரைப் பிடுங்கி பீரோவில் வைத்தால் போதும்.

கண்டம் செய்தது எங்கே போகிறது?

இன்னொரு விஷயம் அரியமங்கலத்துக்காரனால் சொல்லாமல் இருக்க முடியாது. திருச்சி மாநகரத்தின் குப்பை அரை நூற்றாண்டாக இங்கேதான் வந்து விழுந்தது. சுமார் 47 ஏக்கர். கோடையில் தீப்பிடித்தால் புகை தஞ்சாவூர் ரோட்டை மூடும். சில ஆண்டுகளாக பயோமைனிங் முறையில் அந்த மலையைத் தோண்டி, சலித்து, மண்ணைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்து எடுக்கிறார்கள். நம் அப்பா காலத்தில் 'இனி வேண்டாம்' என்று போட்டதை நம் வரிப்பணத்தில் தோண்டி எடுக்கிறோம்.

எலக்ட்ரானிக் பொருள்களைக் குப்பையோடு சேர்க்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2011-இல் வந்த விதிகள் 2012 மே மாதம் அமலுக்கு வந்தன. இப்போது நடப்பது 2022-ஆம் ஆண்டு விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல். தயாரித்த நிறுவனங்களுக்கே மறுசுழற்சிப் பொறுப்பு என்கிறது சட்டம். ஆனால் நடைமுறையில் பழைய லேப்டாப் முதலில் போவது காயலான் கடைக்கு. அங்கே செம்புக்காக வயரை எரிப்பார்கள். பழைய போர்டுகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கும், பழைய திரைகளின் விளக்கில் பாதரசம் இருக்கும். அதோடு, அழிக்காத டிஸ்கில் உங்கள் ஆதார் நகலும் குடும்பப் போட்டோவும் இருக்கும். வைரஸுக்குப் பயந்து தூக்கிப் போட்டவர், வைரஸ் திருட நினைத்ததைத் தானே கையால் எடுத்துக் கொடுத்த மாதிரி.

அப்ப எப்பத்தான் புதுசு வாங்குறது?

வாங்க வேண்டிய நேரம் உண்டு. அதை வைரஸ் முடிவு செய்யக் கூடாது என்பதுதான் என் வாதம். இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வரிசை இது.

முதலில், உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள். நெட்டைத் துண்டித்து, லினக்ஸ் பென் டிரைவ் வழியாக ஃபைல்களை எடுங்கள். இது முடியும் வரை ஃபார்மேட் என்ற வார்த்தையை யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

இரண்டாவது, உடம்பைச் சோதியுங்கள். டிஸ்க், பேட்டரி, சார்ஜர் முனை, விசிறி. எது தேய்ந்திருக்கிறதோ அதன் விலையைத் தனித்தனியாகக் கேளுங்கள். 'போர்டு போச்சு' என்று சொன்னால், வைரஸால் போனதா, சூட்டால் போனதா, தண்ணீர் பட்டுப் போனதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு கடைக்குப் போங்கள்.

மூன்றாவது, வயசு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 சில்லு பழைய லேப்டாப்பில் இருக்காது. அப்டேட் வராத விண்டோஸைச் சுத்தமாக ஏற்றிக் கொடுப்பது, ஓட்டைக் குடத்தைக் கழுவித் தருகிற மாதிரி. உங்கள் வேலை லினக்ஸில் நடக்குமென்றால் மாறுங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் புரோகிராம்தான் பிழைப்பு என்றால், அப்போது புதுசு நியாயம்.

நான்காவது, கணக்கு. ரிப்பேர் செலவு, அதே வேலையைச் செய்யக்கூடிய வேறு லேப்டாப்பின் விலையில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள். இது சட்டம் இல்லை, என் கைக்கணக்கு. கடன் வாங்க வேண்டியவருக்கு இந்தக் கோடு இன்னும் மேலே போகும்.

இந்த நான்கையும் அந்த அமெரிக்க அலுவலகம் கேட்டிருந்தால், முதல் வாரத்திலேயே இரண்டு கம்ப்யூட்டரைத் துடைத்து வைத்திருப்பார்கள். அவர்களிடம் காசு இருந்தது, உடைத்தார்கள். நம்மிடம் அந்த வசதி இல்லை. இல்லாததும் ஒரு வகையில் நல்லதுதான், கேள்வி கேட்டுத்தான் ஆக வேண்டும். பரண் மேல் லேப்டாப் வைத்திருப்பவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை இறக்குங்கள். ஓடுகிறதா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.